பொலித்தீன் நீர்க்குழாய்ப் பொருத்துகளிற் பிதுங்கும் வளையத்தை நீக்குதல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, பாலமுனை, அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களிற் கமத்தொழில் இருவகை நிலத்தில் நடைபெறுகின்றது. ஊருக்கு மேற்கே நெல்வயல் வட்டைகள் உள்ளன. ஊரையொட்டிய மணற்பாங்கான பூமியிற் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை முதலியன விளையும் தோட்டங்கள் உள்ளன. வயலுக்கு நீர் கல்லோயாவிலிருந்து வருகின்றது. 1949 ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்படி இங்கினியாகலையில் அணைகட்டித் தேக்கப்பட்ட சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர், வாய்க்கால்களினூடாக நெடுந்தூரம் ஓடியே கரையோர வட்டைகளை அடைதல் வேண்டும். ஆதலாற் சிறுபோகத்தில் வாய்க்காலின் கோடியிலுள்ள வயல்களுக்கு நீர் பிந்துகின்றது. அவ்விடங்களில் வடிச்சல் வாய்க்காலிலிருந்து பம்பி வைத்து இறைக்க வேண்டி நேரிடுகின்றது. தோட்டங்களுக்கோ கிணறே கதி. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது கடலோரக் கிணறுகள் உவர்நீராற் கெட்டன. நன்னீரை எட்டவிருந்து குழாய்வழியே கொண்டுவரும் தேவை அன்று நன்கு வெளிப்பட்டது.

இவ்வாறு நீரைத் தூரத்திலிருந்து கொண்டுவருவதற்குக் கறுப்பு நிறப் பொலித்தீன் குழாய் ஏற்றது. மணல் நிலம் இறங்கினாலும் அது வளைந்து கொடுக்கும். உவர்நீரால் துருப்பிடிப்பதில்லை. சிறிய குழாய்கள் சுருளாக வருவதாலும் திருகு பொருத்திகளால் இணைக்கப்படுவதாலும் அவற்றில் இங்கே சொல்லப்படும் கருமத்துக்கு இடமில்லை. தடித்த குழாய்கள் 6 மீற்றர் அல்லது 12 மீற்றர் நீளமுள்ள நேரான துண்டுகளாக வருகின்றன. அவற்றின் முனைகளை உருக்கி ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டுகின்றனர். அவ்வாறு ஒட்டிய இடத்தில் உள்ளும் புறமும் மோதிரம்போல ஒரு வளையம் பிதுங்கி நிற்கும். அதனை நீக்க வேண்டுமா, நீக்குவதாயின் எவ்வாறு நீக்குவது என்பதே இத்துண்டுப்பிரசுரத்தின் பொருள்.

சிறிய விடயமாகத் தோன்றினும் இதிற் கமக்காரருக்குள்ள நட்டம் சிறிதன்று. நிலத்துட் புதைத்த பொருத்து உடனே உடைவதில்லை. பம்பியின் அழுத்தம் நாளுக்கு நாள் ஏறி இறங்க, சில மாதங்கள் அல்லது சில போகங்கள் கழித்தே விரியும். நெற்பயிர் குடலைப் பருவத்திலிருந்து பூக்கும் பருவம் வரை நீர்க்குறைவைப் பொறுப்பதில்லை. அவ்வேளையில் வரம்பைத் தோண்டிப் பொருத்தைத் தேடுவோர் இழப்பது குழாயின் விலையை மட்டுமன்று.

வளையம் உண்டாகும் விதம்

பொலித்தீன் என்னும் பொருள் 1933 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உயரழுத்தத்திற் செய்த ஓர் ஆய்வின்போது தற்செயலாகக் கிடைத்தது. இன்று குழாய்க்குப் பயன்படும் அடர்த்தி கூடிய வகையைத் தாழ்ந்த அழுத்தத்திற் செய்யும் முறையை 1953 இற் செருமானிய விஞ்ஞானியாகிய காள் சீக்ளர் கண்டார். அது ஏறக்குறைய 130 பாகை செல்சியசில் உருகும். பி.வி.சி. குழாயைப் பசை பூசி ஒட்டுவதுபோல இதனை ஒட்ட முடியாது. எப்பசையும் இதிற் பற்றாது. ஆகவேதான் உருக்கி இணைக்க வேண்டியுள்ளது.

குழாய்த் துண்டுகள் இரண்டும் இயந்திரத்திற் கவ்வப்பட்டு, அவற்றின் முனைகள் மட்டமாகச் சீவப்படும். பின் 200 முதல் 230 பாகை வரை சூடாக்கிய தட்டொன்று இடையே வைக்கப்பட்டு முனைகள் அதன்மேல் அழுத்தப்படும். முனைகளைச் சுற்றிச் சிறிய உருகல் விளிம்பு தோன்றியதும் அழுத்தத்தைத் தளர்த்திச் சூடு உள்ளிறங்க விடுவர். அதன் பின் தட்டை விரைவாக எடுத்துவிட்டு, இரு முனைகளையும் ஒன்றாக அழுத்திக் குளிரும்வரை அப்படியே பிடித்திருப்பர். அழுத்தும்போது உருகிய பொருளிற் சிறிதளவு இருபக்கமும் பிதுங்கிச் சுருண்டு இரட்டை உதடுபோல் நிற்கும். அவ்வுதடுகளே வளையமாகும்.

110 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் 6.6 மில்லிமீற்றர் சுவர்த் தடிப்பும் உள்ள குழாயை உதாரணமாகக் கொள்ளலாம். இதற்கு முதலில் தோன்றும் விளிம்பு 1 மில்லிமீற்றர் உயரமிருத்தல் போதும். சுவர்த் தடிப்பின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 10 விநாடி என்ற கணக்கில் ஏறக்குறைய 66 விநாடி சூடேற்ற வேண்டும். தட்டை எடுத்து முனைகளைச் சேர்ப்பதற்கு 5 அல்லது 6 விநாடிக்கு மேற் செல்லலாகாது. சேர்க்கும் அழுத்தம் முனைப் பரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் 0.15 நியூற்றன். இக்குழாய்க்கு அது ஏறக்குறைய 33 கிலோகிராம் பாரத்துக்குச் சமமாகும். குழாயை இழுத்து நகர்த்துவதற்கு வேண்டிய விசையை இதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். குளிர்வதற்குப் பத்து நிமிடம் இயந்திரத்திலேயே விட்டுவைத்தல் அவசியம். குழாய் செய்தவர் தரும் அட்டவணை வேறு எண்களைக் கூறுமாயின் அதனையே பின்பற்ற வேண்டும். இவ்வெண்களைக் கமக்காரர் மனனம் செய்ய வேண்டியதில்லை. பொருத்துவோர் அட்டவணையையும் மணிக்கூட்டையும் பார்த்துச் செய்கின்றனரா, கைப்பழக்கத்தால் மட்டும் செய்கின்றனரா என்பதை அறிவதற்கு இவை உதவும்.

வளையம் வெறும் கழிவுப் பொருளன்று. பொருத்து எவ்வாறு ஒட்டியது என்பதற்குக் கண்ணாற் காணக்கூடிய ஒரே சாட்சி அதுவே.

நீக்குவது அவசியமா?

இக்கேள்விக்கு எல்லா நாட்டிலும் ஒரே விடை இல்லை. பிரித்தானிய நீர்வழங்கல் விதிகளின்படி வெளிவளையத்தை நீக்கி, நீக்கிய துண்டைச் சோதித்தல் வழக்கம். செருமனியில் வளையத்தை அப்படியே விட்டு அதன் வடிவத்தைப் பார்த்தே பொருத்தை மதிப்பிடுகின்றனர். இரு முறையாலும் நல்ல குழாய்வழிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே வளையம் இருப்பதனால் மட்டும் பொருத்துப் பலங்குன்றும் என்பதும், நீக்கினாற் பலங்கூடும் என்பதும் உண்மையல்ல.

வெளிவளையத்தை நீக்கியே ஆகவேண்டிய இடங்கள் சிலவே. குழாயைப் பாதைக்குக் கீழுள்ள மதகினூடாகவோ பழைய குழாயொன்றினுள்ளோ இழுத்துச் செலுத்த வேண்டுமாயின் வளையம் தடக்கும். பொருத்து உள்ள இடத்திலேயே மின்னால் உருகும் மூட்டு அல்லது இறுக்குப் பட்டி போட வேண்டுமாயின், வளையத்தின் மேல் அவை சரியாக அமரா. இவற்றைத் தவிர, பொருத்தினது தரத்தில் ஐயமுள்ளபோது சோதனைக்காக நீக்குவது நன்று. கடலோர மணற்காட்டில், காற்று வீசும் காலத்தில், வாடகை இயந்திரத்தாற் செய்யப்படும் வேலையில் அவ்வையம் எப்போதும் நியாயமானதே. கண்ணுக்கு அழகாயிருக்கும் என்பதற்காக மட்டும் நீக்க விரும்புவோர் அதனை விட்டுவிடுதல் மேல்.

நீக்குவதற்கு முன் வளையத்தைச் சுற்றிவரப் பார்த்தல் வேண்டும். இரு உதடுகளும் ஏறக்குறைய ஒரே அளவினதாய், சுற்றிலும் ஒரே பருமனாய், ஒப்பமாக இருக்க வேண்டும். இரண்டு உதடுகளுக்கும் இடையிலுள்ள பள்ளம் குழாயின் மேற்பரப்பை விடத் தாழ்ந்து போகலாகாது. அவ்வாறு தாழ்ந்திருந்தால் அழுத்தம் போதவில்லை என்று பொருள். ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சிறுத்தும் இருந்தாற் குழாய்கள் நேராகக் கவ்வப்படவில்லை. இரு குழாய்களின் சுவரும் ஒன்றுக்கொன்று விலகி நிற்குமாயின் அவ்விலகல் சுவர்த் தடிப்பிற் பத்திலொரு பங்குக்கு மேற்படலாகாது. மேற்கூறிய 110 மில்லிமீற்றர்க் குழாயில் இது 0.66 மில்லிமீற்றரே. இப்பார்வையை முடிக்காமல் வளையத்தைச் சீவி எறிந்துவிட்டாற் பின்னர் எவராலும் எதனையும் அறிய முடியாது.

வெளிவளையத்தைச் சீவுதல்

இதற்கென்றே சீவுகருவி உண்டு. அது குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வளையத்தின் மேல் நகரும். அதன் அலகு வளையத்தின் அடியிற் புகுந்து உயர்த்திச் சீவும். குழாயின் உடலில் ஆழப் பதியாதவாறு அலகு தடுக்கப்பட்டிருப்பதே இக்கருவியின் சிறப்பு. பொருத்துவோரிடம் இயந்திரம் வாடகைக்கு எடுக்கும்போதே இக்கருவியும் வருமா என்று கேட்டு வைத்தல் வேண்டும். இது இல்லையெனில் வளையத்தை விட்டுவைப்பதே சரி.

கத்தி, வாள், அரம், சுழலும் அரைசக்கரம் ஆகியவற்றால் ஒருபோதும் சீவலாகாது. இக்கட்டளைக்குக் காரணம் உண்டு. பொலித்தீன் மிருதுவாகத் தோன்றினும் கீறலைப் பொறுக்காத பொருள். அழுத்தத்துக்கு உட்பட்ட சுவரிற் கூர்மையான கீறல் ஒன்று விழுந்தால் அதன் அடியில் இழுவிசை ஒன்றுகூடுகின்றது. அங்கிருந்து மயிரிழை போன்ற வெடிப்பு மிக மெதுவாக உள்நோக்கிச் செல்லும். நீர் ஒழுகத் தொடங்கும்வரை வெளியே எவ்வித அறிகுறியும் இராது. சுவர்த் தடிப்பிற் பத்திலொரு பங்குக்கு மேல் ஆழமான கீறல் உள்ள துண்டை வெட்டி நீக்கிவிட வேண்டும் என்பது பொது விதி. அரைசக்கரமோ கீறுவதோடு நில்லாமற் சூட்டினாற் பொருத்தின் மேற்பரப்பை உருக்கி மழுக்கியும் விடும். பொருத்திற் பிளவு இருந்தாலும் அது மறைந்துபோகும்.

பொருத்து நன்றாகக் குளிர்ந்த பின்னரே சீவ வேண்டும். இயந்திரத்திற் பிடித்திருக்கும் போதே அவசரப்படுவது பெருந்தவறு. தொட்டாற் கையிற் சூடு தெரியாத நிலை வந்ததும் கருவியை வைத்து ஒரே திசையிற் சுற்றிவரச் சீவினால் வளையம் அறுபடாத நாடாவாகக் கழன்றுவரும். இடையில் அறுந்து அறுந்து வருமாயின் அலகு மழுங்கியிருக்கலாம், அல்லது பொருத்தே கெட்டிருக்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

கழன்ற நாடாவைக் கீழே எறியாது கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வேலையின் மிக முக்கியமான பகுதி இதுவே. நடுவே செல்லும் இணைப்புக் கோட்டின் வழியே மணற்றுகள், எண்ணெய்க் கறை, நிறவேறுபாடு எவையேனும் தெரிகின்றனவா என்று ஆராய வேண்டும். அதன் பின் நாடாவைச் சில அங்குலத்துக்கொரு முறை, அடிப்பக்கம் வெளியே தெரியுமாறு பின்னோக்கி மடிக்க வேண்டும். மடித்த இடத்தை இருபுறமும் முறுக்கியும் பார்க்க வேண்டும். நல்ல பொருத்தாயின் இரு உதடுகளும் ஓருடலாக வளையுமேயன்றிப் பிரியா. நடுக்கோட்டில் வாய் பிளக்குமாயின், அப்பிளவு எவ்வளவு சிறிதாயினும், அவ்வளையம் வந்த பொருத்து ஏற்கத்தக்கதன்று. அதனை வெட்டியெடுத்து மீண்டும் ஒட்டுதல் வேண்டும். இரண்டாம் பொருத்திலும் அதே குறை காணப்பட்டால் வேலையை நிறுத்தி, சூட்டுத்தட்டையும் இயந்திரத்தையும் பரிசோதித்த பின்னரே தொடர வேண்டும். ஒரு நாள் பிந்துகிறதே என்று பொருத்துவோர் முணுமுணுக்கலாம். அதனைப் பொருட்படுத்தலாகாது.

இச்சோதனை எல்லாக் குறையையும் காட்டிவிடும் என்று எண்ணுவதும் தவறு. அழுக்கினால் வரும் குறையை இது நன்றாகக் காட்டும். தட்டை எடுத்தபின் முனைகள் ஆறிப்போகும்வரை தாமதித்துச் சேர்த்த பொருத்தோ, பார்வைக்கு நல்ல வளையத்துடனேயே அமைந்துவிடக்கூடும். ஆதலால் வளையத்தைப் பார்ப்பதோடு நேரத்தையும் அழுத்தத்தையும் ஒவ்வொரு பொருத்துக்கும் எழுதி வைப்பது அவசியம். பொருத்துக்கு ஓர் இலக்கமிட்டு அதே இலக்கத்தைக் கழன்ற நாடாவிலும் எழுதி, எல்லாவற்றையும் கயிற்றிற் கோத்துக் கமக்காரர் அமைப்பின் பொறுப்பில் வைத்தால், பின்னர் ஓரிடத்தில் ஒழுக்கு ஏற்படும்போது எந்நாளில் எவ்வாறு செய்த பொருத்து என்று தெரியவரும். பல பேரின் வயலுக்கு ஒரே குழாய் செல்லும் இடங்களில் வீண் வாக்குவாதத்தையும் இது தவிர்க்கும்.

மணலும் கச்சானும்

இக்கரையோரத்திற் கெட்ட வளையத்துக்கு முக்கிய காரணங்கள் இரண்டு. முதலாவது மணல். சீவிய முனையை விரலாற் றடவிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. விரலிலுள்ள வியர்வையும் மணலும் அங்கே ஒட்டிவிடும். சூட்டுத்தட்டைத் துடைப்பதற்குப் பழைய சாரத்துண்டு பயன்படுத்தலாகாது. அதில் செயற்கை நூல் கலந்திருந்தால் உருகித் தட்டிற் படிந்துவிடும். மதுசாரம் நனைத்த, நூல் உதிராத பருத்தித் துணி அல்லது காகிதமே ஏற்றது.

இரண்டாவது கச்சான் காற்று. நெற்பயிருக்கு இக்காற்றாற் றீங்குண்டென்பதைக் கமக்காரர் நன்கறிவர். குழாய் வேலைக்கும் அது அத்தகையதே. சூட்டுத்தட்டின் ஒரு பக்கத்தை ஆற்றிவிடுவதுடன் மணலையும் உருகிய முனையில் எறிகின்றது. சிறுபோகத்திற் குழாய் போட வேண்டியிருந்தால் இயந்திரத்தைச் சுற்றிப் படங்கு கட்டிக்கொள்ள வேண்டும். காலையிற் காற்று எழுமுன் பொருத்துகளை முடித்தல் நன்று. திறந்திருக்கும் மறு முனைகளையும் மூடிவைக்க வேண்டும். இல்லையெனிற் காற்றுக் குழாயினுள்ளே ஊதிச்சென்று பொருத்தை உள்ளிருந்து ஆற்றிவிடும். வெளியே நல்ல வளையமும் உள்ளே குறைவான ஒட்டும் உண்டாவது இதனாலேதான்.

உள்வளையம்

உள்ளே பிதுங்கிய வளையத்தால் நீரோட்டம் பெரிதும் குறையும் என்று அஞ்சுவோர் உளர். பம்பியின் அழுத்தத்தில் ஓடும் நீருக்கு அது பெருந்தடையன்று. தடை ஓரிரு அங்குல நீளத்திலேயே உள்ளது. அதனால் ஏற்படும் இழப்பு 12 மீற்றர்க் குழாயின் சுவரில் உராய்வதனால் ஏற்படும் இழப்பிற் சிறு பங்கே. பம்பிக்குப் பின் வரும் குழாயில் உள்வளையத்தை நீக்குவதற்குச் செலவிடும் கூலி வீண்.

வடிச்சல் வாய்க்கால் நீர் அழுத்தமின்றிச் சாய்வால் ஓடும் குழாயில் நிலைமை வேறு. வைக்கோல், சல்வீனியா, ஆற்றுவாழையின் வேர் முதலியன உதட்டிற் சிக்கி, அவற்றின் மேற் சேறு படிந்து, சிறிது சிறிதாகக் குழாயை அடைத்துவிடும். வரம்புக்கடியிலும் பாதைக்கடியிலும் செல்லும் இத்தகைய குழாய்களில் உள்வளையத்தை நீக்குவது தகும்.

நீக்குவதற்கு நீண்ட தண்டின் நுனியில் அலகு பொருத்திய கருவி உண்டு. தண்டு எட்டும் தூரம் வரையே அது வேலை செய்யும். ஆகையால் ஒரு துண்டை ஒட்டிக் குளிரவிட்டு, அதன் திறந்த முனை வழியே தண்டைச் செலுத்தி உள்வளையத்தைச் சீவிய பின்னரே அடுத்த துண்டை ஒட்ட வேண்டும். பத்துத் துண்டையும் ஒட்டிவிட்டுப் பின்னர் நீக்கலாம் என்று விட்டால் நடுவிலுள்ள பொருத்துகளுக்குத் தண்டு எட்டாது. சீவிய வளையத்தைக் கருவியோடு வெளியே இழுத்தெடுத்து, முழு மோதிரமாக வந்ததா என்று பார்க்க வேண்டும். பாதி வந்து பாதி உள்ளே தொங்கினால் அது முன்னிருந்த வளையத்தினும் கேடு விளைவிக்கும்.

தோட்டங்களிற் சொட்டு நீர்ப்பாசனமோ தூவற் பாசனமோ அமைப்போர் வேறொரு காரியத்திலும் கவனமாயிருத்தல் வேண்டும். முனையைச் சீவும்போதும் வளையத்தை நீக்கும்போதும் உண்டாகும் பிளாஸ்திக் சீவல்கள் குழாயினுட் புகும். சொட்டியின் துவாரம் மிகச் சிறியது. ஒரு சீவல் நுழைந்தால் அந்தச் செடி நீரின்றி வாடும்வரை அடைப்புத் தெரிவதில்லை. சொட்டுக்குழாய்களை இணைக்குமுன் பெருங்குழாயின் கடைசி முனையைத் திறந்து, பம்பியை முழுவிசையில் ஓடவிட்டுக் கழுவிவிடுதல் வேண்டும். வயலில் விழுந்த சீவல்களையும் பொறுக்கியெடுத்தல் நன்று. மாடுகள் மேயும் இடத்தில் அவை கிடக்கலாகாது.

பி.வி.சி. குழாய் பாவிப்போருக்கு இவ்வளவு தொல்லை இல்லை. பசை மிகுதியாகப் பூசினால் உள்ளே அதுவும் வளையமாகத் திரளும் என்பதை மட்டும் கவனித்தால் போதும். பசையைக் குழாயின் வெளிப்பக்கத்தில் அளவாகப் பூசி, வெளியே வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும்.

பொருத்துகள் யாவும் முடிந்ததும் குழாயை வாய்க்காலில் இறக்கி, துண்டுகளின் நடுப்பகுதியை மட்டும் மண்ணால் மூடிப் பொருத்துகளைத் திறந்தபடி விட வேண்டும். உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேற நீரை மெதுவாக நிரப்பி, பம்பியை வழக்கமான விசையில் ஓடவிட்டு, ஒவ்வொரு பொருத்தையும் உலர்ந்த துணியாற் சுற்றிப் பிடித்துப் பார்க்க வேண்டும். துணியில் ஈரம் படாத பொருத்தையே மூடலாம். மூடுவதற்குக் கல்லற்ற மணலே தகுந்தது. அவ்வகையிற் கரையோரத்துப் பூமிக்குக் குறைவில்லை.